மாசாணத்தின் கோரைப்பல்லும் ஒரு முழத் துணியும்

ஒரு காட்டில் சிங்கம் இருந்தது, நரி இருந்தது என்று தொடங்கினால் அது பழைய கதை. இந்தக் காட்டில் இருமல் இருந்தது. யானை இருமினால் நாவல்பழம் உதிர்ந்தது. அணில் இருமினால் அணிலே உதிர்ந்தது.

வெளியே வரும் விலங்கெல்லாம் மாஸ்க் கட்ட வேண்டும் என்று சிங்கராஜா ஆணை போட்டார். கட்டத்தான் செய்தன. குரங்குகள் அதில் ஊஞ்சல் கட்டின. முயல்கள் ஒற்றைக் காதில் கம்மல் மாதிரி தொங்கவிட்டன. கரடி அதில் தேன் வடிகட்டியது. மூக்குக்கும் வாய்க்கும் மட்டும் யாரும் கட்டவில்லை.

ராஜாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "அடுத்த பெரிய சந்தைக்கு நானே வருவேன். ஒரே ஒரு வெறும் மூக்கைப் பார்த்தாலும் சந்தையை இழுத்து மூடிவிடுவேன்" என்று சொல்லியனுப்பினார்.

மற்ற விலங்குகள் அதைக் கேட்டுவிட்டு இருமப் போய்விட்டன. காட்டுப்பன்றி மாசாணம்தான் ஆடிப்போனான்.

மாசாணம் கிழங்கு வியாபாரி. பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை, பள்ளத்தில் விழுந்து விழுந்து படித்தவன். வேடன் வெட்டிய குழியில் விழுந்தபோதுகூட, குழிச் சுவரில் கிழங்கு தட்டுப்படுகிறதா என்று மோந்து பார்த்தவன். யார் தயவும் இல்லாமல் முன்னுக்கு வந்தவன் என்பதைத் தினம் நாலு பேரிடம் சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. சந்தை போய்விட்டால் இறங்குவதற்குச் சோறே இருக்காது.

அவனுடைய கைமுதல் என்றால் இரண்டு கோரைப்பல்தான். அந்தச் சந்தையின் வழக்கம் அப்படி. விலையை வாயால் ஆரம்பிப்பார்கள், முகத்தால் முடிப்பார்கள். மாசாணம் உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டினால் பேரம் முடிந்தது. எதிரே நிற்பவர் கொண்டுவந்ததை வைத்துவிட்டு, அவன் கொடுத்ததை எடுத்துக்கொண்டு நகர வேண்டியதுதான். இதை அவன் தன் பேச்சுத் திறமை என்று மனதார நம்பியிருந்தான்.

மாஸ்க் விவகாரத்தைக் கவனிக்க ஞானசிகாமணி என்ற ஆந்தையை ராஜா நியமித்திருந்தார். பட்டணத்தில் பயிற்சி எடுத்து வந்தவர். பகலில் கண் தெரியாது என்பதால் சந்தையைப் பொந்துக்குள் இருந்தபடியே ஆய்வு செய்து, ஒரு சுவரொட்டியும் ஒட்டியிருந்தார். மாசாணம் நேரே அந்தப் பொந்தடிக்குப் போனான்.

"நடத்தை மாற்றம்னா சும்மா இல்ல" என்றார் ஆந்தை. "ஏன் போட மாட்டேங்கிறாங்கன்னு முதல்ல கேக்கணும். போட்டா அவங்களுக்கு என்ன லாபம்னு புரிய வைக்கணும். கடைசியா, எல்லாரும் மதிக்கிற ஒருத்தர் போட்டுக் காட்டணும்."

"கடைசியில இருக்கதை முதல்ல வைங்க சார். அந்த ஒருத்தன் நான்தான்."

"உங்களை மதிக்கிறாங்களா?"

"என் முன்னால ஒருத்தன் எதிர்த்துப் பேச மாட்டான்."

"அது மதிப்பா, பயமா?"

"சந்தையில ரெண்டையும் ஒரே சாக்குலதான் கட்டுவோம்."

மறுநாள் மாசாணம் கிழங்குக் குவியல் மேல் ஏறி நின்று முழங்கினான். "அறிவு கெட்டதுகளா, சந்தை போச்சுன்னா எங்கலே போய் நக்குவீங்க? ஒழுங்கா மாஸ்க்கைப் போடுங்க."

கூட்டம் அவனையே பார்த்தது. முன்னால் நின்ற முயல் பேச்சித்தாய் பயற்றுக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணாச்சி, ஒங்க தாடைக்கா இருமல்?"

குனிந்து பார்த்தான். அவனுடைய மாஸ்க் தாடைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. கத்துவதற்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று அவனேதான் இறக்கியிருந்தான்.

கூட்டம் சிரித்தது. சிரித்த சிரிப்பில் இருமியது. மாசாணத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பன்றி மூக்கு, இடமும் தாராளம். துணியை வெடுக்கென்று மேலே இழுத்தான்.

"போட்டுட்டேன். இனிச் சந்தையில இதைக் கழட்டுனா நான் மாசாணம் இல்ல. இப்ப நீ போடுட்டி."

பேச்சித்தாயும் போட்டாள். வந்தது வந்தோம், வியாபாரத்தையும் முடித்துவிடலாம் என்று, "கூடைப் பயறுக்கு எத்தனை கிழங்கு அண்ணாச்சி?" என்றாள்.

"ரெண்டு."

"அஞ்சு தாங்க."

மாசாணம் வழக்கம்போல உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டினான். துணி லேசாக உப்பியது. அவள் நகரவில்லை.

"மூணு."

"அஞ்சுன்னேன்லா."

இன்னும் அகலமாகக் காட்டினான். தாடை வலித்தது. துணி இன்னும் கொஞ்சம் உப்பியது. அண்ணாச்சி கொட்டாவி விடுகிறார் போலிருக்கிறது என்று அவள் பொறுமையாக நின்றாள்.

ஐந்து கிழங்கு போயிற்று.

'வயசாகுதுலா, மனசு இளகிட்டுது' என்று மாசாணம் தன்னைத்தானே தேற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான். பேச்சித்தாய் தன் வளைக்குப் போய்ச் சொன்னது வேறு. "பல்லு தெரியலைன்னா அண்ணாச்சி வெறும் பன்னிதான். நாம போட்டிருக்க வரைக்கும் அவரு கழட்ட முடியாது. நாம கழட்டுனா அவரும் கழட்டிருவாரு. பாத்துக்கிடுங்க."

சேதி புதர் புதராகப் பரவியது. இருமலைவிட வேகமாக.

பெரிய சந்தை நாளன்று விடிந்தபோது காட்டில் வெறும் மூக்கே இல்லை. மாசாணம் மார்பை நிமிர்த்திக்கொண்டு பொந்தடிக்கு ஓடினான். "பாத்தீங்களா சார்? ஒரே பேச்சு. மொத்தக் காடும் மடங்கிட்டுது."

"என் சுவரொட்டிக்கும் அதுல பங்கு இருக்கு."

"அதைத் தலைகீழால்லா ஒட்டியிருக்கீங்க."

"அது வௌவால்களுக்காக."

ராஜா வந்தார். வரிசை வரிசையாக மூக்குகளைப் பார்த்துக்கொண்டே நடந்து, மாசாணத்தின் கடை முன்னால் வந்து நின்றார். அந்த நேரம் பார்த்துப் பேச்சித்தாய் கூடையை வைத்தாள்.

"அண்ணாச்சி, இன்னிக்குக் கூடைக்குப் பத்து."

அவளுக்குப் பின்னால் மான், முள்ளம்பன்றி, மரநாய் என்று வரிசை ஆலமரம் வரை போனது. ஒவ்வொன்றின் கையிலும் ஒரு கூடை.

மாசாணம் பல்லைக் காட்டினான். துணி உப்பியது. அவனுடைய முன்னங்கால் தானாகவே மாஸ்க்குக்குப் போனது. ராஜாவின் பார்வையும் கூடவே போனது. இறக்கினால் சந்தை போகும். இறக்காவிட்டால் கடை போகும்.

"கழட்டுங்களேன், முகம் பாத்துப் பேசுவோம்" என்றாள் பேச்சித்தாய், அத்தனை மரியாதையாக.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வரிசையைப் பார்த்தான். ஒவ்வொரு துணிக்கு மேலேயும் இரண்டு கண் சிரித்துக்கொண்டிருந்தது. ஆயுள் முழுக்கப் பேச்சுத் திறமை என்று நினைத்திருந்தது ஒரு முழத் துணிக்குள் அடங்கிவிட்டது.

"ஏட்டி, பத்தையும் எடுத்துட்டுப் போ" என்றான்.

"என்ன ஒரு தாராள மனசு" என்று ராஜா மெச்சி அவனுக்கு மாலை போட்டார். சந்தை பிழைத்தது.

கொஞ்ச காலத்தில் இருமல் காட்டைவிட்டுப் போயிற்று. மாஸ்க் போகவில்லை. "மாஸ்க் போடாத கடையில நாங்க வாங்குறதில்ல, சுகாதாரம் முக்கியம்லா" என்றது முள்ளம்பன்றி. அது குளித்துப் பார்த்தவர் யாரும் கிடையாது.

மாசாணம் மறுபடியும் பொந்தடிக்குப் போனான். "சார், இருமல்தான் போயிட்டே. எல்லாரையும் கழட்டச் சொல்லுங்க."

"அதுக்குப் புதுத் திட்டம் வேணும். முதல்ல, ஏன் கழட்ட மாட்டேங்கிறாங்கன்னு கேக்கணும்."

"எனக்குத் தெரியும் சார்."

"போட்டிருக்கறதால அவங்களுக்கு என்ன லாபம்னு பாக்கணும்."

"அதுவும் தெரியும் சார். நல்லாவே தெரியும்."

"பிரமாதம். அப்ப கடைசிக் கட்டம்தான் பாக்கி. எல்லாரும் மதிக்கிற ஒருத்தர் கழட்டிக் காட்டணும்."

மாசாணம் துணியை இறக்கினான். உதட்டைத் தூக்கி, கோரைப்பல் இரண்டும் பளிச்சென்று தெரியும்படி நின்றான். நட்ட நடுப்பகல்.

"அப்படி ஒருத்தர் கிடைச்சா கூட்டிட்டு வாங்க" என்றார் ஆந்தை, கண்ணைக் கொட்டிக்கொண்டே.

மாசாணம் துணியை மேலே இழுத்துவிட்டான். "என் அரிவாளுக்கு நானே உறை போட்டு, அந்த உறைக்கு ஊரெல்லாம் தண்டோராவும் அடிச்சிருக்கேன்" என்று முனகிக்கொண்டே கடைக்கு நடந்தான். துணிக்குள் முனகியதால் அதுவும் யார் காதிலும் விழவில்லை. கடை வாசலில் வரிசை காத்திருந்தது.

நீதி: ஊரை மாஸ்க் போட வைக்க வேண்டுமா? ஊர் யாருக்குப் பயப்படுகிறதோ அவன் வாயில் முதலில் கட்டுங்கள். அந்த ஆள் நீங்களாக இருந்தால், சுவரொட்டியே போதும் என்று சொல்லிவிடுங்கள்.