ஒன்றேகால் கிலோ எஸ்.எம்.பி.எஸ்.

தெரியாத பொருளை வாங்கும்போதுதான் மனிதன் மிகவும் நிமிர்ந்து நிற்கிறான். கத்தரிக்காய் வாங்கும்போது நான் குனிந்துதான் பொறுக்குவேன். எஸ்.எம்.பி.எஸ். வாங்கப் போன அன்று என் முதுகு கொடிமரம் மாதிரி இருந்தது.

ஐந்தாறு வருடங்களுக்கு முன், காரைக்குடியில் எங்கள் வீட்டு மேசைக் கணினி ஒரு மதியம் மூச்சை நிறுத்திக்கொண்டது. மறுநாள் காலை பத்து மணிக்கு என் மனைவி உமையாளுக்கு அதில்தான் தேர்வு. ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகர் வேலை. பதினெட்டு வருடம் வீட்டையும் என்னையும் (எது பெரிய வேலை என்று அவள் சொன்னதில்லை) கவனித்த பிறகு போட்ட முதல் விண்ணப்பம். வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் கைபேசியில் கூடாது. மைக்கும் கேமராவும் ஓட, கணினியில்தான் எழுத வேண்டும்.

இணையத்தில் தேடி நோயைக் கண்டுபிடித்தேன். எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது. (மின்சாரத்தைக் கணினிக்குப் பக்குவப்படுத்திக் கொடுக்கிற தகரப் பெட்டி.)

"கோட்டையூர்ல அழகுக்கு ஒரு போன் போடவா?" என்றாள் உமையாள். அழகு அவள் தம்பி. கணினி அவனுக்கு உள்ளங்கை நெல்லிக்கனி.

"ஒரு டப்பா வாங்க ஒன் தம்பி வரணுமாக்கும்?"

"டப்பான்னா நீங்களே போதும். இது என்னன்னு தெரிஞ்சுதான் பேசுறீகளா?"

இதற்குப் பிறகு எந்த ஆண்மகன் வீட்டில் இருப்பான்?

கடைக்காரர் நல்ல மனிதர். "எத்தன வாட்டுண்ணே வேணும்? பழசக் கழட்டிக் கொண்டாந்திருக்கீகளா?" என்றார். வாட் எனக்குத் தெரியாது. பழசு வீட்டில் கணினிக்குள்ளேயே இருந்தது. அதனால், "நல்லதா எடுங்க" என்று அதட்டினேன். அவர் இரண்டு பெட்டிகளை வைத்தார்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்குச் சாமான் பரப்பியிருந்தால், எங்கள் பெண்கள் குனிந்து ஒரு குடத்தை லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு வைப்பார்கள். ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அந்தக் குடம், கொடுத்தவர், அவர் மனசு எல்லாம் அந்த ஒரு நொடியில் நிறுக்கப்பட்டுவிடும். நானும் தூக்கினேன். வலது கைப் பெட்டி குழம்புச் சட்டி மாதிரி கனத்தது. இடது கைப் பெட்டி அப்பளக் கட்டு. போதாததற்கு, நல்ல எஸ்.எம்.பி.எஸ். கனமாக இருக்கும் என்று இணையத்திலும் படித்திருந்தேன். (உண்மைதான். இப்போதும் போய்ப் பாருங்கள்.)

"வெயிட்ட பாக்காதீகண்ணே. அந்த லேசானதுதான் நல்ல கம்பெனி. கனமானது, வெல கம்மியாக் கேக்குறவுகளுக்கு வச்சிருக்கேன்."

கனமாகவும் இருந்து, விலையும் குறைவு என்றால் விட நான் என்ன அசடா? இரண்டையும் பக்கத்துப் பாத்திரக்கடைக்குத் தூக்கிப் போய்த் தராசில் வைத்தேன். ஒன்று எழுநூறு கிராம். மற்றது ஒன்றேகால் கிலோ.

பாத்திரக்கடைக்காரர் உற்றுப் பார்த்தார். "மூடி தனியாண்ணே?"

சாயங்காலம் நானே மாட்டினேன். விசிறி சுற்றியது, திரை விழித்தது. உமையாளிடம் எடையைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஒன்பது பத்துக்கு, 'டப்'. கருகின வாடை. பெட்டியின் பின்னாலிருந்து சாம்பிராணி போட்டதுபோல் புகை. உமையாள் என்னைப் பார்க்கவில்லை. போனை எடுத்து, "வா" என்றாள். அவ்வளவுதான்.

கால் மணி நேரத்தில் அழகு வந்து நின்றான். கையில் ஒரு எஸ்.எம்.பி.எஸ்.

"அதுக்குள்ள எப்படிடா வாங்குனே?"

"வாங்கலயே அயித்தான். என் கம்ப்யூட்டர்ல இருந்தது. அக்கா நேத்தே கழட்டி வைக்கச் சொல்லிட்டாக."

நேற்று. நான் எடையைப் பற்றிப் பேசி முடித்த சூட்டோடு.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கணினி ஓடியது. உமையாள் கதவைச் சாத்திக்கொண்டு எழுத, நாங்கள் இருவரும் வெளியே உட்கார்ந்தோம். கருகின பெட்டி ஆறியதும் அழகு அதைத் திறந்தான். உள்ளே நாலைந்து ஒல்லிக் கம்பிகள். ஓர் ஓரத்தில், கறுப்புக் காகிதம் சுற்றி, பசை போட்டு ஒட்டிய சிமெண்டுக் கட்டி.

"கனத்துக்கு வச்சிருக்கான் அயித்தான்," என்று அழகு காதோடு சொன்னான். "தூக்கிப் பாத்து வாங்குற ஆளு எங்கயோ இருக்காகன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

உள்ளே மைக் ஓடுகிறது. சத்தம் கேட்டால் தேர்வு போய்விடும். அதனால் அவன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிய ஒரு மணி நேரம் சிரித்தான். மௌனமாகக் கேலி செய்யப்பட்டவன் எங்கள் வம்சத்தில் நான் ஒருவன்தான்.

உமையாளுக்கு வேலை கிடைத்தது. அதற்கப்புறம் உறவில் எந்தக் கல்யாணத்துக்குச் சாமான் வாங்கப் போனாலும், "அயித்தான் தூக்கிப் பாக்கட்டும், உள்ள கட்டி இருக்கான்னு சொல்லிருவாக" என்று என்னை முன்னால் தள்ளுகிறார்கள். நானும் தள்ளின இடத்தில் நின்று தூக்கிப் பார்க்கிறேன். கொள்கையில் பிழை இல்லை. கனமானது நல்லது என்று நான் நம்பினேன். அதில் சிமெண்டை வைத்தவன் வெட்கப்படட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அழகு மாட்டிய அந்த அருமையான, லேசான எஸ்.எம்.பி.எஸ். மூன்றாம் வருடம் போய்விட்டது. என் சிமெண்டுக் கட்டி பள்ளி நூலகத்தில் உமையாளின் மேசைமேல், தாள் பறக்காமல் உட்கார்ந்திருக்கிறது. இன்றுவரை ஒரு நாள்கூடப் பழுதானதில்லை.