கிளியோடு மல்லுக்கட்டிய பாம்பாம் அண்ணன்

ஹாரன் அடிக்காமல் மூச்சுக்கூட விடாத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் பாம்பாம் அண்ணன்தான். உத்திரமேரூர் பக்கம் எங்கள் உதிரிபாகக் கம்பெனியில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நான் அதே குடோனில் பில் போடுகிறேன். வண்டியில் இருந்தால் கையால் ஹாரன் அடிப்பார், இறங்கிவிட்டால் வாயால். கேன்டீன் வாசல், கம்பெனி பஸ் படி, எங்கே திரும்பினாலும் ‘பாம் பாம்!’ வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணம். சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் மேடை ஓரமாகத் திரும்பினார், அடித்தார் பாருங்கள் ஒன்று, ஐயர் மந்திரத்தையே நிறுத்திவிட்டார்.

இப்பேர்ப்பட்டவர் கையில்தான் கம்பெனி அந்தக் கிளியைக் கொடுத்தது.

கிளி என்றால் போனுக்குள் இருக்கும் ஏஐ கிளி. பாதுகாப்புப் பயிற்சியை விளையாட்டாக்கிவிட்டார்கள். கிளி தமிழில் கேள்வி கேட்கும், நாம் வாயால் பதில் சொன்னால் நட்சத்திரம் தரும். யார் முன்னால், யார் பின்னால் என்று கேன்டீன் டிவியில் ஓடும். நாம் எதில் தடுமாறுகிறோமோ அதையே பிடித்துக்கொண்டு புதுசு புதுசாகக் கேள்வி பண்ணும். மாதக் கடைசிக்குள் கடைசி லெவலைத் தாண்டாத டிரைவர் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு பேக்கிங்குக்குப் போக வேண்டியதுதான் என்று எச்.ஆர். மேடம் சொல்லிவிட்டார்.

“சாவிய புடுங்கிக்குவாங்களா? வண்டி இல்லாம நான் இன்னா பண்ணுவேன் தனம்?” அண்ணன் முகம் சுண்டிப்போனது. ஆனால் மறுநிமிடமே போனைப் பார்த்து, “வா கிளி, ஒரு கை பாத்துடலாம்!” என்று தொடையைத் தட்டினார்.

“முன்னால் ஆள் வந்தால் என்ன செய்வீர்கள்?” என்றது கிளி.

“ஹாரன்!” நட்சத்திரம் விழுந்தது. அண்ணன் துள்ளிக் குதித்தார்.

“தரையில் எண்ணெய் கொட்டியிருந்தால்?”

“ஹாரன்!”

“தீப்பிடித்தால்?”

“பெரிய ஹாரன்!”

கிளி ஆளை எடைபோட்டுவிட்டது. அப்புறம் அது கேட்ட எதிலும் ஹாரன் செல்லவில்லை. கேட்டில் எருமை நிற்கிறது என்றது. இவர் அடித்தார். திரையில் எருமை மிரண்டு ஓடி அட்டைப்பெட்டி அடுக்கை மொத்தமாகச் சாய்த்தது. வாங்கிய நட்சத்திரமும் போச்சு.

“எங்கூரு எருமைய பத்தி எனக்கே சொல்லிக்குடுக்குதா? லாரியே வந்தாலும் நவுராது அது! பேஜார் புடிச்ச கிளியா கீதே!”

“மீண்டும் முயலலாமா?” கிளி அப்போதும் பணிவாகத்தான் கேட்டது.

“இரு, டீ குடிச்சிட்டு வரேன். எங்கியும் பூடாத.”

சண்டை போட்டுப் போட்டே இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன. காலையில் வந்ததும் கிளிக்கு ஒரு பாம் பாம், “நாஷ்டா ஆச்சா?” என்று விசாரிப்பு. டிவியில் அவர் பெயர் மேலே ஏற ஏற குடோனே விசிலடித்தது. எனக்கும் வெறி பிடித்துவிட்டது. ஒரு பில்லில் பார்ட்டி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கிளி என்றே அடித்துத் தொலைத்தேன்.

கெடு முடியும் நாளில் கடைசி லெவலுக்கு வந்து சேர்ந்தார். கேன்டீனில் எல்லோரும் சுற்றி நின்றோம். யாராவது வாயைத் திறந்தால் ஆட்டம் செல்லாது என்று மேடம் எச்சரித்தார்.

கிளி ஆரம்பித்தது. “குடோனில் ஒரு வளைவு. இந்தப் பக்கம் சரக்கோடு நீங்கள். அந்தப் பக்கம் ஒரு பெண் போனைப் பார்த்தபடி வருகிறாள். என்ன செய்வீர்கள்?”

எருமையிடம் பட்ட சூடு அண்ணனுக்கு ஆறவில்லை. “வேகத்த கொறைப்பேன்” என்றார். டிங்! “சரக்க கீழ எறக்கி வெச்சிக்குவேன்.” டிங்! “வண்டிய நிறுத்திடுவேன்.” டிங்!

“இன்னும் ஒன்று பாக்கி” என்றது கிளி.

நேரம் ஓடுகிறது. அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. ஊரெல்லாம் அடித்த மனுஷன், அடிக்க வேண்டிய இடத்தில் வாயைப் பூட்டிக்கொண்டு நிற்கிறாரே! அந்த ‘பாம் பாம்’ என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அண்ணன் திரையைக் கண்ணருகே கொண்டுபோனார். “அட, இன்னா இது! நம்ம தனம் மாதிரியே தலைய தூக்காம வந்துகினு கீதே!” அவ்வளவுதான், கேன்டீன் அதிர்ந்தது. “ஏ பொண்ணே, வண்டி கீது, தலைய தூக்கு! பாம் பாம்! பாம் பாம்!”

திரை முழுக்க நட்சத்திரம் கொட்டியது. அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு குடோனைச் சுற்றினார்கள், ஒவ்வொரு திருப்பத்திலும் மேலேயிருந்து பாம் பாம். மேடமும் சேர்ந்து கத்தினார். சாவி அண்ணன் இடுப்பிலேயே தொங்கியது.

அவர் சொன்னது நிஜம்தான். நான் இன்றைக்கும் போனைப் பார்த்துக்கொண்டுதான் நடக்கிறேன். அவர் ஒருவர் அடிக்கிறார் என்ற தைரியம். முந்தாநாள் அண்ணன் லீவு. எங்கள் குடோன் வளைவுக்கு வந்தவள், சத்தமே இல்லையே என்று அப்படியே நின்றுவிட்டேன். போனைப் பையில் போட்டேன். பக்கத்தில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாக நானே ஒரு ‘பாம் பாம்’ சொன்னேன். அப்புறம்தான் கால் நகர்ந்தது.