கசக்காத காகிதம்

நம் ஆட்களின் வாயில் எதையாவது கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நின்று "எப்படி இருக்கு?" என்று கேட்டால் உண்மையான பதில் வராது. இந்தச் சின்ன விஷயம் தெரியாமல்தான் வேலைக்குப் போன புதிதில் நான் மனிதகுல வரலாற்றில் கை வைத்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் எனக்குத் தற்காலிக உதவியாளர் வேலை. (குடுவை கழுவுகிற வேலை என்று படிக்கவும். அம்மா மட்டும் எல்லாரிடமும் 'சயின்டிஸ்ட்' என்று சொல்லி வைத்திருந்தார்.) பேராசிரியர் ஒரு சீனர், தங்கமான மனிதர். ஆதிகாலத்தில் மனிதர்கள் எங்கிருந்து கிளம்பி எந்த வழியாக இந்தப் பக்கம் வந்தார்கள் என்பதை, இன்று இருப்பவர்களின் ரத்தத்தையும் பரம்பரைக் குணங்களையும் வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தார்.

அதில் ஒரு சோதனைக் காகிதமும் உண்டு. ஒரு மருந்தில் நனைத்துக் காயவைத்த சின்னத் துண்டு. நாக்கில் வைத்தால் சிலருக்குக் கசப்பு தாங்காது, சிலருக்கு ஒன்றுமே தெரியாது. அது பிறவியில் வருவது. எந்தக் கூட்டத்தில் எவ்வளவு பேருக்குக் கசக்கிறது என்று ஒப்பிட்டால், யார் யாரோடு சேர்ந்து வந்தவர்கள் என்று ஓரளவு ஊகிக்கலாம். (என் நாக்குக்கு அது கசக்கவே இல்லை, வெறும் காகிதம்தான். பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.)

இந்துத் தமிழர்கள் நிறைந்த சிராங்கூன் ரோட்டுக் கடைகளில் சோதனையை முடித்திருந்தேன். பலர் துப்பிவிட்டு என்னைத் திட்டினார்கள். பேராசிரியருக்கு ரொம்பத் திருப்தி. அடுத்தது கத்தோலிக்கத் தமிழர்கள். "எங்கள் சர்ச்சிலேயே முடித்துவிடலாம், சார்" என்றேன். நன்றாகச் செய்தால் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொன்னார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மண்டபத்தில் நின்றேன். கூட்டம் சேர ஃபாதரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். முதலில் மருந்தில்லாத வெறும் காகிதம், பிறகு மருந்துக் காகிதம் என்று கொடுத்து வித்தியாசம் கேட்க வேண்டும். நேரமாகிறதே என்று வெறும் காகிதத்தை விட்டுவிட்டேன். சனங்கள் வரிசையாக வந்தார்கள். பூசையில் நற்கருணை அப்பம் வாங்குகிற மாதிரியே கைகூப்பி, கண்ணை மூடி, நாக்கை நீட்டினார்கள். நானும் வைத்துக்கொண்டே போனேன். லூர்து ஆன்ட்டி 'ஆமென்' என்றே சொல்லிவிட்டார்.

"கசக்குதா ஆன்ட்டி?"

ஆன்ட்டி ஃபாதரை ஒரு பார்வை பார்த்தார். "இல்ல தம்பி. நல்லா இருக்கு."

அவர் கணவர் அந்தோணி அங்கிள், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், காகிதத்தை விழுங்கியே விட்டார். கண்ணில் தண்ணீர். "எனக்கும் கசக்கல" என்றார். பக்தி என்று நினைத்தேன். அன்று ஏறக்குறைய யாருக்குமே கசக்கவில்லை.

மறுநாள் சந்தோஷத்தில் பேராசிரியரைப் பிடிக்க முடியவில்லை. சுவரில் இருந்த உலக வரைபடத்தில், இந்து மாக்கடலின் நடுவே சிவப்புப் பென்சிலால் புதிதாக ஓர் அம்புக்குறி போட்டார். சிராங்கூன் ரோட்டுக்காரர்களின் முன்னோர் ஒரு வழி, எங்கள் முன்னோர் தனி வழி, அதுவும் பல ஆயிரம் வருடத்துக்கு முன்பே. நானும் தலையாட்டினேன். என் சொந்த அத்தை குடும்பம் இந்துக்கள், சிராங்கூன் ரோட்டிலேயே குடியிருந்தவர்கள் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கே வரவில்லை. எனக்குத் தெரிந்து எங்கள் சர்ச்காரர்கள் செய்த பெரிய குடிபெயர்ச்சி, புது வீடு கிடைத்து லாரியில் ஊரின் இன்னொரு மூலையான தெம்பனிஸ் போனதுதான்.

சில வாரம் கழித்து, நன்றி சொல்லப் பேராசிரியரே மண்டபத்துக்கு வந்தார். தேநீர், உள்ளே கறி வைத்த கறிபாப் எல்லாம் ஏற்பாடு. அவர் ஆங்கிலத்தில் பேச, நான் தமிழில் சொன்னேன். தனி வழியில் வந்தவர்கள் என்றதும் எல்லாரும் கைதட்டினார்கள். அப்போது லூர்து ஆன்ட்டியின் மகள் ஸ்டெல்லா உள்ளே வந்தாள். நர்ஸ். முந்தைய தடவை டியூட்டியில் இருந்ததால் வரவில்லை. பேராசிரியர் ஆசையாக அவளிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். நாக்கில் வைத்த வேகத்தில் அதைக் கைக்குட்டையில் துப்பினாள்.

"ஐயே, என்னா கசப்பு லா."

இங்கேதான் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்தில் பேராசிரியர், மனதில் நிரந்தர வேலை. மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்: "அதெப்படி? அப்பா அம்மா ரெண்டு பேருக்குமே கசக்கலன்னா பிள்ளைக்குக் கசக்க சான்ஸே இல்ல. புக்லயே போட்டிருக்கு."

அந்தோணி அங்கிள் கடித்த கறிபாப்பைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"அப்ப நீங்க என்ன சொல்ல வர்றீங்க தம்பி?" என்றார் லூர்து ஆன்ட்டி.

அப்போதுதான் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கே புரிந்தது. ஆன்ட்டியே தொடர்ந்தார்.

"கசந்துச்சுப்பா. வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரி கசந்துச்சு. வீட்டுக்குப் போயி சீனிய அள்ளி வாயில போட்டேன். ஃபாதர் நிக்கிறாரு, நீயும் நம்ம வீட்டுப் புள்ள மாதிரி. எப்படிச் சொல்றது?"

"எனக்கும்தான் கசந்துச்சு" என்றார் அங்கிள், அவசரமாக. பின்னாலிருந்து இன்னொரு 'எனக்கும்' வந்தது. பிறகு பாதி மண்டபம் கையைத் தூக்கியது. கடைசியில் ஃபாதரும் தொண்டையைச் செருமினார். "நானும் ஒன்னு போட்டுப் பார்த்தேன். சரியான கசப்பு. சனங்க யாருக்கும் கசக்கலன்னதும், எனக்குத்தான் ஏதோ குறைன்னு பேசாம இருந்துட்டேன்."

பேராசிரியர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். எங்கள் ஆட்களுக்கு மரியாதை கொஞ்சம் அதிகம் என்று மொழிபெயர்த்தேன். அவர், "வெறும் காகிதம் முதலில் கொடுத்தாயா?" என்றார். நான் ஃபாதரைப் பார்த்தேன். ஃபாதர் கறிபாப்பைப் பார்த்தார்.

மறுநாள் ரப்பரைக் கையில் கொடுத்து அம்புக்குறியை என்னையே அழிக்கச் சொன்னார். வேலை நிரந்தரமாகவில்லை. அவமானம் தாங்காமல் சர்ச் பக்கம் தலைகாட்டாமல் இருந்தேன். ஸ்டெல்லாதான் ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் பிடித்துக்கொண்டாள். "எங்க அப்பா யாருன்னு முடிவு பண்ணிட்டீங்களா, சயின்டிஸ்ட்?" நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அது பல மாதம் நீண்டு, அதே சர்ச்சில் கல்யாணத்தில் போய் முடிந்தது. வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான ஆராய்ச்சி அது ஒன்றுதான்.

இன்றைக்கும் நான் சமைத்து வைத்து "எப்படி இருக்கு?" என்று கேட்டால் வீடே கைகூப்பி, கண்ணை மூடி, "ஆமென், கசக்கல" என்கிறது. எங்கள் மகள் பிறந்த அன்று மாமனார் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். பிள்ளையைக் கையில் வாங்கி ஆசைதீரப் பார்த்தார். பிறகு, நர்சுகள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி என்னிடம் கேட்டார்:

"என்ன மாப்பிள்ள, காகிதம் வச்சுப் பாத்துட்டீங்களா?"