வற்றல் குழம்புக்கு ஐரோப்பியச் சட்டம்

பாலிகஞ்ச், கல்கத்தா
வியாழக்கிழமை

சிரஞ்சீவி முத்துகிருஷ்ணனுக்கு அத்திம்பேர் வெங்கடநாராயணன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. உபயகுசலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். குசலம் இப்போதைக்கு ஹாம்பர்க்கில் உன் வீட்டில் மட்டும் இருக்கிறது.

விஷயம் உன் அக்கா ஜெயலக்ஷ்மியின் சமையல் சேனல். போன மாதம் என் அண்ணா பிள்ளை கௌசிக் சாப்பிட வந்தான். இங்கே சால்ட் லேக்கில் ஏதோ ஐரோப்பிய வீடியோ கம்பெனிக்கு வேலை பார்க்கிறான் இல்லையா, "சித்தப்பா, அங்க வீடியோ சட்டத்தை மாத்தியிருக்கா, மறுபடியும் திருத்தப் போறாளாம், நூத்துக்கு முப்பது ஐரோப்பாவோடதா வெக்கணும்" என்றான். மீதியைக் கேட்க நான் அங்கே இல்லை, கோந்து தேடப் போய்விட்டேன். ரயில்வேயில் முப்பத்தொரு வருஷம் விதிப்புத்தகத்தில் திருத்தச் சீட்டு ஒட்டினவன். விதி மாறினால் கை சும்மா இருக்காது. ஜெர்மனியில் உன் சிநேகிதர்கள் பதினோரு பேர் இந்தச் சேனலைப் பார்க்கிறார்கள், ஆகவே பத்துக்கு மூன்று ஐரோப்பியப் பதார்த்தம் என்று எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டினேன். அவளும் பாவம், உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து ஜெர்மன் என்று காட்டினாள். கீழ்வீட்டு வங்காளி மன்னி, மித்ரா பௌதி, அதைப் பார்த்துவிட்டு, "ஏ தோ ஆமாதேர் ஆலு ஷெத்தோ!", நம்ம உருளைக்கிழங்கு மசியலாச்சே இது என்று மாடியேறி வந்து கடுகெண்ணெய் ஊற்றிக் கொடுத்தாள். ஊற்றியதும் அது வங்காளமாகிவிட்டது, சேராது என்று கழித்தேன். அதோடு விட்டேனா? நேரலையில் உன் அக்கா வற்றல் குழம்புக்குத் தாளிக்கிறபோது குறுக்கே போய்க் கையை நீட்டி, "இது எட்டாவது உள்நாட்டு அயிட்டம், அனுமதி இல்லை" என்றேன். பதினோரு பேரும் பார்த்தார்கள். அடுப்பை அணைத்தாள், போனை அணைத்தாள், என்னோடு பேச்சையும் நிறுத்தினாள். ஒன்பது நாளாக எனக்குச் சட்டப்படி சாப்பாடு: பிரெட், உப்பில்லாத கேரட், ஏதோ ஒரு சூப். ரசம் கேட்டால் தட்டுக்குப் பக்கத்தில் சீட்டு ஒட்டுகிறாள், "உள்நாட்டு ஒதுக்கீடு முடிந்தது". என்னுடைய கோந்து.

நாக்கு செத்தால் போகட்டும்டா. அந்தப் போனுக்கு முன்னால் நின்றால்தான் அவள் வாய்விட்டுச் சிரிப்பாள். அதை நானே கெடுத்துவிட்டேன். நீ கூப்பிட்டு, சேனலை மூடாதே என்று சொல். அத்திம்பேர் தப்பை ஒப்புக்கொண்டார் என்று சொல். ஆனாலும் விதி விதிதான் என்பதையும் பக்குவமாகச் சொல்.

சௌபாக்கியவதி சத்யப்ரியாவுக்கு ஆசீர்வாதம். இருவரும் தீர்க்காயுசாக இருந்து, உப்புப் போட்டுச் சாப்பிடுங்கள்.

வெங்கடநாராயணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் கௌசிக் வந்தான். அந்த முப்பது, சினிமாவை அடுக்கிவைத்து விற்கிற கம்பெனிகளுக்குத்தானாம், வீட்டுச் சமையலுக்கு இல்லையாம். "அன்னிக்கே சொன்னேனே சித்தப்பா, நீங்க எழுந்து போயிட்டேள்" என்கிறான். ஆகவே மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிடு, நீ கூப்பிடவும் வேண்டாம். சீட்டைக் கிழித்தேன். அவள் போனை எதிரே நிறுத்தி வற்றல் குழம்பு பண்ணி, சிரித்துச் சிரித்துப் பேசினாள். நானும் தட்டோடு போய் உட்கார்ந்தேன். இரண்டு துண்டு பிரெட் விழுந்தது. "சேனலுக்குச் சட்டம் இல்லேன்னுதானே சொன்னான்? உங்களுக்கு இல்லேன்னு சொல்லலையே?" என்றாள். ஒன்பது நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. இரண்டையும் சாப்பிட்டுவிட்டேன்.