கண் மூடிய பொம்மைகள்

"இதெல்லாம் யாரு பின்னுனது?" என்று அந்த அம்மாள் கேட்டபோது சந்தை ஸ்டாலில் லிஃப்ட்காரர் பாதித் தூக்கத்தில் இருந்தார். முழுசாக விழித்திருந்தால் அப்படியொரு பொய் அவர் வாயிலிருந்து வந்திருக்காது.

அம்மாள் கையில் ஒரு முயல் இருந்தது. உல்லன் நூலில் குரோஷா ஊசியால் பின்னிய சாம்பல் நிற முயல். அந்த ஸ்டாலில் இருந்த எல்லாப் பொம்மைகளையும் போல அதுவும் கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"நேத்து ஒரு கடையில மெஷின்ல போட்டதைக் கைவேலைன்னு சொல்லி என் தலையில கட்டிட்டாங்க. பின்னுன ஆளைக் கண்ணால பார்க்காம இனிமே நான் எதையும் வாங்கறதா இல்ல" என்றாள் அம்மாள்.

பின்னிய ஆள் அங்கே இல்லை. லிஃப்ட்காரரின் மனைவி நூல் தீர்ந்துபோய்விட்டதென்று காலையிலேயே கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். "விலை எல்லாம் ஒட்டியிருக்கு. நீங்க வாயைத் திறக்காம உக்காந்திருந்தாலே போதும்" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அம்மாள் முயலைத் திரும்ப வைக்கப் போனாள். தூங்குகிற குழந்தையை யாரோ தரையில் போடுவதுபோல இவருக்கு மனசு பதறியது.

"நான்தாங்க" என்றார்.

அம்மாள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அங்கேதான் வந்தது வினை. வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை லிஃப்ட் ஓட்டியவர் அவர். லிஃப்ட்டில் ஏறுகிறவர்கள் மேலே ஓடும் எண்ணைத்தான் பார்ப்பார்களே தவிர, ஓட்டுகிறவன் முகத்தை எவன் பார்த்தான்? அதனால் அவரும் முக்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிவிடுவார். ஆனால் கை தூங்காது. அஞ்சாவது மாடி என்று யாராவது சொன்னால் குறட்டைக்கு நடுவிலேயே விரல் போய்ச் சரியான பொத்தானை அழுத்தும், ஒருநாளும் தப்பியதில்லை. மனைவி வீட்டில் அவருக்குத் 'தூங்குமூஞ்சி மாப்பிள்ளை' என்றுதான் பெயர். ஆயுள் முழுக்க மேலே ஏறியும் எங்கேயும் போய்ச் சேராத மனுஷன் என்று மச்சினன் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரிப்பான்.

அப்பேர்ப்பட்டவரை ஒரு ஜீவன் கண்ணை விரித்துப் பார்க்கிறது!

"அட, ஆம்பளையா பின்னுனீங்க! இந்தக் கையாலயா!" அம்மாள் முயலோடு ஒரு ஆமையையும் சேர்த்து வாங்கிக்கொண்டாள். போனவள் சும்மா போகவில்லை. வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள்.

கொஞ்ச நேரத்தில் ஸ்டால் முன்னால் கூட்டம் கூடிவிட்டது. அது பண்டிகைக்கு முந்தைய வாரம் நடக்கும் கைவினைச் சந்தை. பெரிய மண்டபம், உத்தரத்தில் காகிதத் தோரணங்கள், மெழுகுவத்தி வாசனை, எங்கிருந்தோ ஒரு மெல்லிய குழலோசை. அந்தக் குழலோசையில் லிஃப்ட்காரருக்கு எல்லாமே கனவுபோல இருந்தது. மேகத்தின் மேல் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டார்.

"ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்துல மப்ளர் போடணும்னு எப்படிங்க தோணுச்சு?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"கனவுல வந்துச்சும்மா."

இது மட்டும் பொய்யில்லை. மப்ளர் கட்டிய ஒட்டகச்சிவிங்கி ஒருநாள் மத்தியானம் அவருடைய கனவில்தான் வந்தது. எழுந்து பார்த்தால் மேஜை மேல் அதே ஒட்டகச்சிவிங்கி. "எப்படிம்மா?" என்று மனைவியைக் கேட்டதற்கு, "நீங்கதான் தூக்கத்துல உளறிட்டே இருந்தீங்களே" என்றாள். கணவனின் உளறலைக்கூட வீணாக்காத மனைவி யாருக்குக் கிடைப்பாள்!

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எதிர் ஸ்டால் சோப்புக்காரம்மா எழுந்து வரும்வரை.

சோப்புக்காரம்மா சோப்போடு தானே பின்னிய பொம்மைகளும் விற்கிறவள். அவளுடைய கரடிகளுக்கு ஒரு காது தோளில் இருக்கும், இன்னொன்று நெற்றியில் இருக்கும். காலையிலிருந்து அவள் ஸ்டாலில் ஒரு கரடியும் அசையவில்லை. அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க பின்னுனதா? போன தடவையெல்லாம் அக்காதானே உக்காந்திருந்தாங்க?"

"அவ விக்கிறா. நான் பின்னறேன்" என்றார் லிஃப்ட்காரர். ஒரு பொய் சொன்னவனுக்கு இரண்டாவது பொய் தானாகவே நாக்கு நுனிக்கு வந்து நிற்கும்போலிருக்கிறது.

"அப்படியா? ஒரே ஒரு வரிசை போட்டுக் காட்டுங்களேன், நாங்களும் கத்துக்கறோம்."

மேஜையில் ஊசியும் இருந்தது, கொஞ்சம் மிச்ச நூலும் இருந்தது. லிஃப்ட்காரர் ஊசியைத் தொட்டதே இல்லை என்று சொல்ல முடியாது. சின்ன வயதில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து நாளெல்லாம் பின்னிக்கொண்டிருந்தவர்தான். தெருப் பையன்கள் பார்த்துவிட்டுக் கேலி செய்ய, அழுதுகொண்டே ஊசியைக் கூரைமேல் எறிந்தார். அதோடு சரி. கல்யாணமான புதிதில் மனைவியிடம்கூட, "ஊசியும் நூலும் ஆம்பளைக்கு எதுக்கு? செத்தாலும் தொட மாட்டேன்" என்று வீராப்புப் பேசியிருக்கிறார். அவள் சிரித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டாள்.

"மணிக்கட்டு சுளுக்கிக்கிச்சு" என்று சொல்லிக் கைக்குட்டையை எடுத்துச் சுற்றிக்கொண்டார்.

சொன்னதுதான் தாமதம், கூட்டத்திலிருந்து ஒரு நர்ஸ் வந்துவிட்டாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை இழுக்க இழுக்க, அவள் கைக்குட்டையை அவிழ்த்து, மணிக்கட்டைத் திருப்பி, மடக்கி, அழுத்திப் பார்த்தாள்.

"சுளுக்கெல்லாம் ஒண்ணுமில்ல சார். கை நல்லாத்தான் இருக்கு. ஆனா விரல்ல நல்ல உழைப்பு தெரியுது."

"பார்த்தீங்களா, உழைச்ச விரல்!" என்று கூட்டம் உருகியது.

"அப்போ பின்னிக் காட்டலாமே" என்றாள் சோப்புக்காரம்மா.

"இந்தச் சத்தத்துல எனக்கு வராதும்மா. அமைதியா இருக்கணும். நல்ல நாற்காலி இருக்கணும்."

அவர் தப்பித்துக்கொள்ளத்தான் சொன்னார். ஆனால் அதற்குள் சந்தையின் செயலாளர் அம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தபடி அங்கே வந்து நின்றிருந்தாள்.

"அதுக்கென்ன சார், மேடையிலயே ஏற்பாடு பண்ணிடறேன். குழலை நிறுத்தச் சொல்றேன். எல்லாரும் அமைதியா உக்காந்து பார்ப்போம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் வேற வழியில்ல. புகார் வந்திருக்கு. பின்னுனது யாருன்னு பொய் சொல்லி விக்கக் கூடாதுங்கறது இங்க விதி. பொய்னு தெரிஞ்சா ஸ்டாலைக் காலி பண்ணச் சொல்லணும். அப்புறம் உங்க குடும்பத்துக்கு இந்தச் சந்தையில எப்பவுமே இடம் கிடையாது."

இந்தச் சந்தை ஒன்றுதான் அவர் மனைவிக்கு ஆசை. அதற்காகவே வருஷம் பூராவும் பொம்மைகளைச் சேர்ப்பாள். அவளுடைய ஒரே இடத்தை அவர் ஒரு முயலுக்காக விற்றுத் தொலைத்துவிட்டாரே!

தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மனைவிக்குப் போன் செய்தார்.

"தப்புப் பண்ணிட்டேம்மா. எல்லாம் நான் பின்னுனதுன்னு சொல்லிட்டேன். இப்ப மேடையில பின்னிக் காட்டச் சொல்றாங்க. காட்டலேன்னா ஸ்டாலே போயிடுமாம்."

அந்தப் பக்கம் பஸ்ஸின் ஹாரன் மட்டும் கேட்டது.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"என்னம்மா கேக்கற நீ? எனக்கு உயிரே போகுது!"

"வயிறு நிறையச் சாப்பிடுங்க. தயிர்ச் சோறு கட்டி வச்சிருக்கேன், மிச்சம் வைக்காதீங்க. நாற்காலி சாய்ஞ்சுக்கற மாதிரி இருக்கணும்னு கேளுங்க. நான் இதோ வந்துட்டேன்."

கோபம் தலைக்கேறினால் இப்படித்தான் நிதானமாகப் பேசுவாள் என்று லிஃப்ட்காரர் நடுங்கினார். நடுக்கத்திலேயே சோற்றை முழுக்கச் சாப்பிட்டார். சாப்பிடச் சாப்பிடக் கண் கலங்கியது. எவ்வளவு நல்லவள்! தினமும் மத்தியானம், "ஆர்டர் நிறைய இருக்கு, நீங்க போய்ப் படுங்க" என்று சாய்வு நாற்காலியில் அவரைச் சாய்த்து, மின்விசிறியைத் திருப்பிவிட்டு, அதன் பிறகுதான் பின்ன உட்காருவாள். பக்கத்தில் யார் விழித்திருந்தாலும் எண்ணிக்கை தப்பிவிடுமாம் அவளுக்கு. அவர் எழுந்து பார்க்கும்போது பின்னல் முடிந்திருக்கும். பஞ்சு அடைத்துக் கண் தைத்துக்கொண்டிருப்பாள். அவ்வளவு வேலைக்கு நடுவிலும் சாயங்காலமானால் எண்ணெய் எடுத்து வந்து அவருடைய விரல்களைத்தான் நீவிவிடுவாள். தூங்கி எழுந்தவனுக்கு விரல் ஏன் வலிக்கிறது என்று ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. அப்படிப்பட்டவளின் உழைப்பையல்லவா அவர் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டார்!

மேடையில் ஒரு பெரிய மெத்தை நாற்காலியைப் போட்டிருந்தார்கள். கீழே வரிசையாக ஆட்கள். முன் வரிசையில் சோப்புக்காரம்மா, கையில் தன் கோணக்காதுக் கரடியோடு.

லிஃப்ட்காரர் ஊசியை எடுத்தார். நூலைச் சுற்றினார். ஊசி ஒரு பக்கம் போனது, நூல் ஒரு பக்கம் போனது. இழுத்தார், முடிச்சு விழுந்தது. முடிச்சை அவிழ்க்கப் போனார். அது கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டிப்போட்டது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செயலாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் மனைவி பையும் கையுமாக மூச்சிரைக்க ஓடி வந்தாள். மேடையேறி அவருடைய கட்டைவிரலை முடிச்சிலிருந்து விடுவித்தாள். மேடையோரத்து மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினாள். தலைக்குப் பின்னால் தன் பையையே மடித்து வைத்தாள். புது நூலுருண்டை ஒன்றை எடுத்து மடியில் வைத்தாள். சாம்பலும் நீலமும் கலந்த நூல்.

"தயவு பண்ணி யாரும் சத்தம் போடாதீங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். அவரிடம் குனிந்து, "பயப்படாதீங்க. கண்ணை மூடிக்கோங்க" என்றாள்.

என்னைத் தூங்கவைத்துவிட்டு இவளே பின்னி மானத்தைக் காப்பாற்றப் போகிறாள்போலிருக்கிறது என்று நினைத்தார். இத்தனை பேர் பார்க்க அது எப்படி நடக்கும்? நினைத்துக்கொண்டே இருந்தவருக்குத் தயிர்ச்சோற்று மயக்கம் கண்ணில் ஏறியது. விசிறிக்காற்று நெற்றியைத் தடவிக் கொடுத்தது. தோரணங்கள் ஒவ்வொன்றாக மங்கின.

லிஃப்ட் மேலே போய்க்கொண்டிருந்தது. கடைசி மாடியையும் தாண்டிப் போனது. கதவு திறந்தால் வெளியே மேகம். மேகத்தின் நடுவில் ஒரு குளம். குளத்தில் ஒரு யானை, தும்பிக்கையால் மேகத்தை அள்ளித் தலையில் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தது. நீலமும் சாம்பலும் கலந்த யானை. "எந்த மாடி?" என்று லிஃப்ட்காரர் கேட்டார். "இதுதான்" என்றது யானை. அவருக்குச் சொல்ல முடியாத சந்தோஷமாக இருந்தது. இறங்கிப்போய் யானையின் காதைத் தடவினார். அது உல்லன் நூல்போல மெத்தென்று இருந்தது.

கைத்தட்டலில் விழித்துக்கொண்டார்.

ஜன்னல்களில் வெயில் இறங்கியிருந்தது. தோரண விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். உட்கார இடமில்லாமல் ஜனங்கள் சுவரோரமெல்லாம் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் மடியில் ஒரு யானை கிடந்தது. பஞ்சு அடைக்கவில்லை, கண் தைக்கவில்லை. மற்றபடி காதும் காலும் தும்பிக்கையுமாக முழு யானை. மிச்ச நூல் அவருடைய ஆள்காட்டி விரலில் சுற்றியிருந்தது. நிஜம்போலத் தெரியவேண்டும் என்று விரலில்கூடச் சுற்றிவிட்டிருக்கிறாளே, என்ன புத்திசாலித்தனம்!

மனைவி மேடையோரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கண்ணீரைப் பார்த்ததும் அவருக்குத் தாங்கவில்லை. இதற்கு மேலும் ஒரு பொய்யைச் சுமக்கத் தன்னால் ஆகாது என்று எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும். நான் காலையிலேருந்து சொன்னது அத்தனையும் பொய். எனக்குப் பின்னத் தெரியாது. இந்த யானை, முயல், ஆமை எல்லாமே என் வீட்டுக்காரி பின்னுனது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தூக்கம் ஒண்ணுதான். கைதட்டறதுன்னா அவளுக்குத் தட்டுங்க. ஸ்டாலை மட்டும் அவகிட்டேருந்து பிடுங்கிடாதீங்க. தப்பு என்னோடது."

கைத்தட்டல் பட்டென்று நின்றது. செயலாளர் அம்மா மனைவியைப் பார்த்தாள். மனைவி நெற்றியில் கைவைத்துக்கொண்டாள்.

"ஐயோ, கொஞ்சம் பேசாம உக்காருங்களேன்" என்றாள்.

"இல்லம்மா, உண்மையைச் சொல்ல விடு. இவங்க எல்லாரையும் ஏமாத்தியிருக்கேன்."

முன் வரிசையில் சோப்புக்காரம்மா மெதுவாக எழுந்தாள். மேடைக்கு வந்து, தன் கோணக்காதுக் கரடியை அவருடைய காலடியில் வைத்தாள்.

"யாரை ஏமாத்துனீங்களோ தெரியாது, ஐயா. நானும் இத்தனை வருஷமா கண்ணை அகலமாத் திறந்து வச்சுக்கிட்டுப் பின்னறேன், ஒரு காது நேரா வந்ததில்ல. நீங்க எங்க எல்லார் கண்ணு முன்னாலயும் குறட்டை விட்டுக்கிட்டே ஒரு முழு யானையைப் பின்னி முடிச்சிட்டீங்களே!"