வயது ஏழு, தொடர் பார்க்கத் தடை

ஒரு குடிமகன் தன் வீட்டில், தன் நாற்காலியில், தன் பனியனோடு உட்கார்ந்து டிவி பார்ப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை என்று எழுபது வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். இந்த நம்பிக்கை தவறானது என்று சம்பந்தப்பட்ட துறை எனக்கு எழுத்து மூலமாகத் தெரிவித்திருக்கிறது. முத்திரையும் இருக்கிறது.

எங்கள் வீட்டில் பழைய டிவி ஒன்று இருந்தது. இடது பக்கம் ஓர் அறை விட்டால் படம் வரும். வலது பக்கம் விட்டால் சத்தம் வரும். இரண்டு பக்கமும் அறை வாங்கிக்கொண்டு பத்தொன்பது வருடம் உழைத்தது. மனிதர்களில் அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது டிவியைச் சுவரில் மாட்டியவர் என் மாப்பிள்ளை. இவர் யாரென்றால், கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படத்துக்குச் சட்டம் போடும்போது, உள்ளே அடங்கவில்லை என்று என் இடது பாதியை வெட்டியவர். அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். பதினான்கு வருடம் நான்கு மாதம் ஆகிறது.

புது டிவியின் நெற்றியில் ஒரு கண் இருந்தது. அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து, இருப்பவர்களில் சின்னவருக்கு எது தகுமோ அதை மட்டும் காட்டுமாம். 'பார்வையாளர் நலன் பேணும் திட்டம்' என்று அரசாங்கம் கொண்டுவந்த ஏற்பாடு. அதனால் வீட்டில் ஒவ்வொருவரும் முகத்தைக் காட்டிப் பிறந்த வருடத்தைப் பதிய வேண்டும்.

மாப்பிள்ளை முதலில் என் வீட்டுக்காரிக்குப் பதிந்தார். திரையில் இந்த வருடம் நிற்கும். ரிமோட்டில் கீழ்ப் பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் ஒரு வருடம் பின்னால் போகும். அறுபத்தாறு தடவை அழுத்தினார். அத்தையிடம் அவருக்கு அவ்வளவு பாசம்.

"மாமா, உங்களுக்கும் போட்டுடறேன்."

"வேணாம் மாப்பிள்ளை. என் வயசை நானே போட்டுக்கறேன். எனக்கும் விரல் இருக்கு."

"எழுபது தடவை அழுத்தணும் மாமா."

"முப்பத்திரண்டு வருஷம் பஸ்ல டிக்கெட் கிழிச்ச விரல் இது."

ஏழாவது தடவையில் விரல் மரத்துப்போனது. 'சரியா?' என்று திரை கேட்டது. ஒரு மிஷின் இவ்வளவு மரியாதையாகக் கேட்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது? மிச்சம் அறுபத்துமூன்றை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று 'சரி'யை அழுத்தினேன். திரை முழுக்கப் பலூன் பறந்தது. "வா வா, குட்டி நண்பா!" என்றது டிவி.

விபரீதம் மாலை ஏழரை மணிக்குத்தான் தெரிந்தது.

ஏழரைக்கு நான் பார்ப்பது 'மூன்றாம் மாடி மருமகள்'. ஒன்பது வருடமாக ஒரு நாள் விட்டதில்லை. முதல் வருடத்திலேயே மருமகளை யாரோ மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டார்கள். அன்றிலிருந்து உதட்டுச் சாயம் கலையாமல் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறாள். தள்ளியது யார்? வக்கீல் என்பது என் கட்சி. ஓரகத்தி என்பது என் வீட்டுக்காரியின் கட்சி. இதற்காக நாங்கள் பேசாமல் இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருடம் தேறும். அந்த வாரம் வெள்ளிக்கிழமை கடைசிப் பகுதி. உண்மை வெளியே வரப்போகிறது.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். திரையில் மாமியார் வாயைத் திறந்தார். உடனே மாமியார் மறைந்து ஒரு முயல் வந்து, ஒன்று, இரண்டு என்று கேரட் எண்ண ஆரம்பித்தது. எழுந்து அடுப்படிக்குப் போனேன், மாமியார் வந்தார். எட்டிப் பார்த்தேன், முயல் வந்தது.

"என்னங்க, கொஞ்சம் அந்தப் பக்கமே இருங்களேன். படம் நிக்கமாட்டேங்குது."

"என் வீட்ல நான் எங்கடி போவேன்?"

"பால் வச்சிருக்கேன். பொங்காம பாத்துக்குங்க."

பாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூடத்தில் யாரோ "நீயா!" என்று அலறினார்கள். தட்டு உடைந்தது. யார் யாரைப் பார்த்து அலறினார்கள் என்று கேட்டேன்.

"அது பாத்தவங்களுக்குத்தான் தெரியும்," என்றாள்.

பால் பொங்கியது.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "ஒரு தடவை பதிஞ்சா மாத்த முடியாது மாமா. ஆபீசுக்குத்தான் போகணும்," என்றார். குரலில் வருத்தமே இல்லை. கத்தரிக்கோல் பிடித்த அன்றும் இப்படித்தான் இருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. 'பார்வையாளர் வயது நிர்ணய அலுவலகம்' இரண்டாவது மாடியில் இருந்தது. நான்காம் எண் ஜன்னலில், கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அதிகாரி. "சொல்லுங்க சார்," என்றார். சொன்னேன். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகம் அப்படியே கனிந்துவிட்டது.

"யார்கூட வந்தே கண்ணா?"

"தனியாத்தான் வந்தேன்."

"தனியாவா? ரோட்டையெல்லாம் தாண்டியா?"

அடையாள அட்டையை எடுத்து வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எழுபது வயசுக்காரரோட அட்டையாச்சே. உன் கைக்கு எப்படி வந்துச்சு?"

"அது நான்தான் சார். போட்டோவைப் பாருங்க."

"ஜாடை இருக்கு. தாத்தாவா?"

"என் தலையைப் பாருங்க சார். ஒரு கருப்பு முடி இருக்கா?"

"இப்ப சின்ன வயசுலயே நரைச்சுடுது. தண்ணி சரியில்ல."

ஓங்கி மேசையைத் தட்டினேன். அவர் அமைதியாக எதையோ எழுதினார்.

"என்ன எழுதறீங்க?"

"'கேட்டது கிடைக்காவிட்டால் மேசையைத் தட்டுகிறான்.' நடந்ததை எழுதறதுதானே எங்க வேலை."

பிறகு விதியைப் பொறுமையாக விளக்கினார். பதிவு தப்பு என்று பெரியவர்கள்தான் மனு கொடுக்க முடியும். நான் சின்னவன். ஆகவே பதினொரு வருடம் பொறுத்திருந்து, பெரியவன் ஆனதும் வந்து, நான் சின்னவன் இல்லை என்று மனு கொடுக்கலாம். அவசரம் என்றால், வீட்டில் பதிவான பெரியவர் ஒருவரைக் காப்பாளராக அழைத்துக்கொண்டு நாளைக்கே குழுவின் முன் வரலாம்.

"உன் வீட்ல பெரியவங்கன்னு பதிவாகியிருக்கிறது..." என்று திரையைப் பார்த்தவர் சட்டென்று நிறுத்தினார். "உறவுங்கிற இடத்துல 'மனைவி'ன்னு போட்டிருக்கு. இதை நான் பாக்கல. பாத்தா வேற துறைக்கு எழுத வேண்டிவரும்."

புதன்கிழமை வீட்டுக்காரியோடு பஸ் ஏறினேன். அரசாங்கம் சொன்னதை மதிப்போம் என்று, ஒன்றரை டிக்கெட் கேட்டேன். "காலையிலேயே ஆரம்பிச்சிட்டியா பெருசு?" என்றான் கண்டக்டர். என் காலத்தில் பிள்ளையை இடுப்பில் தூக்கிவைத்து மறைக்கும் தாய்மார்களிடம்கூட நான் இப்படிப் பேசியதில்லை. பஸ்ஸில் பெருசு, இறங்கி இரண்டு மாடி ஏறினால் கண்ணா. ஒரே மனிதனுக்கு ஒரே காலையில் இரண்டு வயது.

குழுவில் மூன்று பேர். தலைவர் மட்டும் பேசினார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். கேள்வி எல்லாம் காப்பாளரிடம்தான். என்னை ஓரமாக ஒரு குட்டை ஸ்டூலில் உட்காரவைத்தார்கள்.

"தன் பொருட்களைத் தானே எடுத்து வைத்துக்கொள்வாரா?"

"கண்ணாடி நெத்தியிலயே இருக்கும். வீடு பூரா தேடுவாரு. நான்தான் எடுத்து மூக்குல மாட்டிவிடணும்."

"கோபம் வந்தால்?"

"சோறு வேணாம்னு போய்ப் படுத்துக்குவாரு. ரெண்டு தடவை கூப்பிட்டா வந்துடுவாரு."

"மூணு தடவை," என்றேன்.

"பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசும் பழக்கம் உண்டா?"

"இப்ப பாத்தீங்களே."

"சிறு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்வாரா?"

"ஒரு போட்டோவுக்காகப் பதினாலு வருஷமா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காருங்க. ஏழு கழுதை வயசாச்சு, இன்னும்..."

"பாதி உடம்பு போச்சு!" என்று ஸ்டூலிலிருந்து எழுந்தேன். ஸ்டூல் கவிழ்ந்தது. தலையாட்டுகிறவர்களில் ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார்.

தீர்ப்பை அங்கேயே படித்தார்கள். 'மனுதாரருக்கு வயது ஏழு என்ற பதிவில் குறுக்கிட இக்குழுவுக்கு யாதொரு முகாந்திரமும் இல்லை. ஏழு என்பது சற்றுத் தாராளமாகவே போடப்பட்டிருப்பதாகக் குழு அபிப்பிராயப்படுகிறது.' முத்திரை விழுந்தது.

படியிறங்கும்போது கேட்டேன். "வக்கீல்தான்னு நான் கண்ணால பாத்துடக் கூடாதுன்னுதானே இப்படிச் சொன்னே?"

"உண்மையைச் சொல்லுங்கன்னாங்க, சொன்னேன். வெள்ளிக்கிழமை ஒரு லிட்டர் பால் கூடவே வாங்கி வைக்கிறேன். நிதானமா காய்ச்சுங்க."

ஒன்பது வருடம் காத்திருந்தது அடுப்படியில் நிற்பதற்கா? அன்று நான் சாப்பிடவில்லை. மூன்று தடவை கூப்பிட்டும் போகவில்லை. நான்காவது தடவை போனேன்.

வியாழக்கிழமை துறைத் தலைவர் பேட்டி கொடுத்தார். பதிவு முடிந்து கணக்கெடுத்ததில், இந்த நாட்டில் டிவி பார்ப்பவர்களின் சராசரி வயது எட்டே கால் என்று தெரியவந்திருக்கிறதாம். விரல் மரத்துப்போனது எனக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது. "உலகத்திலேயே இளமை ததும்பும் பார்வையாளர்கள் நம்முடையவர்கள்தான்!" என்று அவர் நெஞ்சை நிமிர்த்தினார். எதிரே இருந்தவர்கள் கைதட்டினார்கள். இனி எல்லாத் தொடர்களும் எட்டே கால் வயதுக்கு ஏற்ப எடுக்கப்பட வேண்டும். வெள்ளிக்கிழமை வரப்போகும் கடைசிப் பகுதியும் அவ்வண்ணமே திருத்தி எடுக்கப்பட்டிருக்கிறது.

ஒன்றே கால் வயது முன்பின் இருந்தால் பரவாயில்லையாம். அதாவது, நான் பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை ஏழே கால் மணிக்கே நாற்காலியில் உட்கார்ந்தேன். டிவியின் கண் என்னைப் பார்த்தது. முயல் வரவில்லை. மருமகள் வந்தாள்.

அவளை யாருமே தள்ளவில்லை. படியில் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது. அதை மிதித்துவிடக் கூடாதே என்று தாண்டிப்போனவள் உருண்டுவிட்டாள். அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்து, "பூனைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றாள். மாமியார் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். வக்கீலும் ஓரகத்தியும் கைகோத்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி ஆடினார்கள். கடைசியாக எல்லோரும் நம் பக்கம் திரும்பி, இனி சண்டை போடமாட்டோம், தினமும் இரண்டு வேளை பல் தேய்ப்போம் என்றார்கள்.

திட்டுவதற்காக வாயைத் திறந்தேன். அதற்குள் கண் கலங்க, பனியன் நுனியால் துடைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் வீட்டுக்காரியின் கண்ணிலும் தண்ணீர்.

"ஒன்பது வருஷத்துல இன்னிக்குத்தாங்க எல்லாம் புரிஞ்சுது," என்றாள்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது.

சிக்கல் அடுத்த வாரம் வந்தது. நல்ல தொடரெல்லாம் எட்டே கால் வயதுக்குப் போய்விட்டதால், பெரியவர்கள் தனியாக உட்கார்ந்தால் டெண்டர் அறிவிப்பும் வரி கட்டச் சொல்லும் அறிவிப்பும் மட்டும்தான் வந்தன. நான் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்த ஒரு மணி நேரம் அவள் சாக்கடைக் குழாய் டெண்டர் பார்த்திருக்கிறாள். திரும்பி வந்ததும், "என்னங்க, இனிமே எங்கயும் போகாதீங்க," என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில்கூட இப்படிச் சொன்னதில்லை. ஆனாலும் நான் எத்தனை நாள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பது? அவள் வயதையும் குறைத்துவிடுவோம் என்று அலுவலகத்துக்குப் புறப்பட்டோம்.

வரிசை மாடிப்படி வரை நின்றது. யோசித்துப் பொறுமையாகப் பொத்தானை அழுத்தியவர்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். நாற்பத்தோரு தடவை நேர்மையாக அழுத்திய என் மாப்பிள்ளையும் நின்றார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்தார். படத்தை வெட்டியதற்கு அந்த ஒரு குனிவு போதாது. இருந்தாலும் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

நான்காம் எண் ஜன்னலின் அதிகாரி எழுந்து நின்று விதியைப் படித்தார். 'வயதைக் குறைத்துக்கொள்ள விரும்புவோரின் மனுவில், வயது வந்த ஒருவர் சாட்சிக் கையொப்பம் இட வேண்டும். அவ்வாறு கையொப்பம் இடுபவர், தாம் வயது வந்தவர் என்பதை ஒப்புக்கொண்டவர் ஆகிறார். அதன்பின் தம் வயதைக் குறைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை.'

"ஒரே ஒருத்தர் வந்தா போதும். எல்லா மனுவுக்கும் அவரே போடலாம். இங்க பெரியவங்க யாரு?"

மாப்பிள்ளை செருப்பு வாரைச் சரிசெய்தார். என் வீட்டுக்காரி சுவரில் இருந்த காலண்டரை உற்றுப் பார்த்தாள். வயது நிர்ணயக் குழுவின் தலைவர் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்; அவரும் வரிசையில்தான் இருந்தார். நான் போடலாம் என்றால், நான் முத்திரை பெற்ற சின்னப் பையன்.

"சார், நீங்களே போட்டுடலாமே," என்றேன்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி, கீழே எதையோ தேடுகிறவர்போல மேசைக்கு அடியில் குனிந்துகொண்டார்.