பாறை என்று சொன்ன செயலி

ஒரு காட்டில், மரத்துக்கு மரம் டவர் வந்துவிட்ட ஒரு காலத்தில், கூரன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. மொபைல் செயலி எழுதுவது அதன் வேலை. அந்தக் காட்டுக்கு இருந்தது ஒரே குளம். அதில் ஒரு முதலையும் இருந்தது. அதனால் கரையோரம் முதலை கிடக்கிறதா இல்லையா என்று சொல்லும் செயலி ஒன்றைக் கூரனிடம் எழுதச் சொல்லியிருந்தார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. எழுதியவர்தான் அதை நம்பி முதல் வாய்த் தண்ணீர் குடிக்க வேண்டும். நல்ல வழக்கம்தான். அதனால்தான் அந்த வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை.

செயலியை வெளியிடுமுன் ஆமையிடம் கொடுக்க வேண்டும். ஆமை அதைத் துண்டு துண்டாகச் சோதிக்கும். தேறினால் பச்சை இலை, தேறாவிட்டால் சிவப்பு இலை. அன்று சாயங்காலம் வெளியீடு என்று மேலதிகாரி யானை மேடம் சொல்லியிருந்தார். காலையிலேயே ஆமை சிவப்பு இலையை நீட்டியது. முதலையைப் பார்த்துச் சொல்ல வேண்டிய 'கரைக்கண்' என்ற துண்டை, அதாவது மாட்யூலை, காணவில்லையாம்.

"இங்கதானே இருக்கு, ஆமையண்ணே. ஆப்ல ஓடுதே."

"ஆப்ல ஓடலாம் தம்பி. எனக்குக் கிடைக்கல."

கூரன் தனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டது. சிவப்பு. இறக்கி வைத்திருந்த மாட்யூல்களை மொத்தமாக அழித்துவிட்டு மறுபடி இறக்கியது. அது இறங்கி முடிவதற்குள் நன்றாக ஒரு தூக்கம் போட்டு எழுந்தது. அப்போதும் சிவப்பு. இணையத்தில் தேடியதில், பக்கத்துக் காட்டு நரி ஒன்று இதே சிவப்பு இலையை வைத்துக்கொண்டு புலம்பியிருந்தது தெரிந்தது. புலம்பலுக்குக் கீழே அதே நரி, சரியாகிவிட்டது, நன்றி என்று எழுதியிருந்தது. எப்படிச் சரியானது என்று எழுதவில்லை. கூரன் அதையே திரும்பத் திரும்பப் படித்தது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் ஆராய்ச்சி.

கடைசியில் பக்கத்து இருக்கைக் கீரி எட்டிப் பார்த்தது. கரைக்கண் எங்கே இருக்கிறது என்று முழு விலாசம் எழுதச் சோம்பல்பட்டு, கூரன் ஒரு குறுக்குவழிப் பெயர் வைத்திருந்தது. அந்தக் குறுக்குவழி செயலிக்குத் தெரியும். ஆமைக்கு யாரும் சொல்லவில்லை.

"ஆமைக்குன்னு தனியா ஒரு வரி எழுதணும் மாப்ள," என்றது கீரி.

கூரன் எழுதியது. ஆமை கரைக்கண்ணைக் கண்டுபிடித்தது, நிதானமாகச் சோதித்தது, இன்னொரு சிவப்பு இலையை நீட்டியது. இப்போது மாட்யூல் கிடைத்துவிட்டது. ஆனால் முதலையைக் காட்டினால் அது பாறை என்கிறது.

மாட்யூலைக் காணோம் என்று இருந்த நேரமே சுகமாக இருந்தது போலக் கூரனுக்குத் தோன்றியது. வெயில் வேறு சாய்ந்துகொண்டிருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டு யானை மேடம் ஆள்மேல் ஆள் அனுப்பினார். கூரன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஆமையிடம் மட்டும் கரைக்கண்ணுக்குப் பதில் ஒரு டம்மிக் கண்ணைக் கொடுத்தது. ஆமை என்ன பதிலை எதிர்பார்க்கிறதோ அதையே சொல்லும் கண். ஆமை பச்சை இலையை நீட்டியது.

பச்சையைக் கண்ட சந்தோஷத்தில், சோதனை எதற்காக என்பதே கூரனுக்கு மறந்துபோனது. குளக்கரையில் காடே வரிசைகட்டி நின்று, யானை மேடம் தும்பிக்கையை நீட்டி வழிவிட்டபோதுதான் நினைவு வந்தது. ஃபோனைப் பிடித்தபடி, முள்ளெல்லாம் சிலிர்க்க, தண்ணீரை நோக்கி நடந்தது. திரையில் 'முதலை இல்லை, பாறை' என்று வந்தது. எதிரே பாறை கண்ணைத் திறந்தது.

"என்ன தம்பி சொல்லுது அது?"

கூரன் ஃபோனைத் திருப்பிக் காட்டியது. முதலை மெதுவாகப் படித்தது.

"ஆமை பாத்தாச்சா?"

"பச்சை இலை குடுத்துட்டாருங்க."

முதலை தன் வாலைப் பார்த்தது. காலைப் பார்த்தது. நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தது.

"இத்தனை நாளா நான்தான் தப்பா நினைச்சுட்டிருந்திருக்கேன்," என்றது.

எல்லாரும் வயிறு முட்டக் குடித்துவிட்டு, கூரனைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். கூரனும் போனது. கரை காலியான பிறகு முதலை எழுந்து, மற்ற பாறைகள் இருக்கிற மலைப்பக்கமாக நடந்தது.

நீதி: சோதனை தேறிவிட்டால், அதன்பின் பிழை முதலையுடையது.